பிடி இல்லாத கதிரை

ஆஸ்பத்திரிக்கு நோயாளியாகப் போனவன் நான். ஆனால் வாசலில் நின்ற ஊழியர் ஓடிவந்து வரவேற்றது என் மனைவியை. "அம்மா, எத்தினை நாளா நடக்க ஏலாமல் இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே அவளுடைய சக்கர நாற்காலியைப் பின்னாலிருந்து தள்ளக் கையை நீட்டினார். தள்ளுவதற்கு அதில் பிடி கிடையாது. மனுசன் குனிந்து கதிரையின் முதுகைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"இருபத்தாறு வருசமா," என்றாள் யோகராணி. "ஆனா வருத்தம் எனக்கில்லை. அங்க சுவரைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார் பாருங்கோ, அவருக்கு."

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் முழங்கால் மடிந்து அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். அதற்குப் பிறகு நானாக எழுந்து நிற்க மூன்று மாதத்துக்கு மேல் ஆனது.

இப்போது மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போகிறேன். "அண்ணை, எப்பிடி எழும்பினீங்கள்?" என்று யாராவது ஒருவர் அங்கே கேட்காமல் விடுவதில்லை. ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

நான் மாவட்டச் செயலகமான கச்சேரியில் எழுதுவினைஞர். வயது ஐம்பது. லிங்கநகரில் வீடு, நானும் ராணியும் மட்டும்தான். ராணி யாரென்று ஊரில் கேட்டால் என்னை யாரென்று தெரியாதவர்களும் சொல்வார்கள். சக்கர நாற்காலி டென்னிஸில் மூன்று முறை நாட்டின் வாகையர் பட்டம் வென்றவள். தோள்மூட்டின் தசைநார் கிழிந்ததால் ஆறு வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றாள். கச்சேரியிலேகூட என்னை "ராணி அக்காவின்ர அவர்" என்றுதான் சொல்வார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பிடியின் கதையையும் சொல்லிவிடுகிறேன். பதினாறு வருடத்துக்கு முன், கலியாணமான முதல் மாதம், மத்திய சந்தையில் ஓர் ஆசையில் அவளைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போனேன். அவள் கத்தரிக்காய் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கொண்டுபோய் மீன் கடைக்கு முன்னால் விட்டேன். மறுநாளே அவள் இரும்பு ஒட்டுவேலைக் கடைக்குப் போய் இரண்டு பிடியையும் அரிந்து எடுப்பித்துவிட்டாள். "நடந்து போற மனுசியின்ர முதுகில கையை வைச்சுத் தள்ளுவீங்களோ?" என்று கேட்டாள்.

வருத்தம் தொடங்கியது ஒரு சாதாரண வயிற்றோட்டத்தில். தோப்பூருக்கு அலுவலகத்து வேலையாகப் போய்வந்த கிழமை அது. இரண்டு நாளில் சுகமாகிவிட்டது. பத்து நாள் கழித்துச் செருப்புக்குள் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. கழற்றிப் பார்த்தால் எறும்பு இல்லை. மறுநாள் கச்சேரிப் படியில் கால் தடக்கியது. வயது போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கண்டுபிடித்தவள் ராணி. அன்று பின்னேரம் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கதிரையை விட்டு எழுந்தேன். குசினி வாசலில் இருந்தவள் கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

"இஞ்சேருங்கோ. திருப்பி இருந்திட்டு எழும்புங்கோ பாப்பம்."

எழுந்தேன்.

"ரெண்டு கையையும் ஊண்டி, நெஞ்சால தூக்கி எழும்புறீங்கள். அது என்ர பழக்கம். உங்களுக்கு எப்ப வந்தது?"

அரை மணித்தியாலத்தில் ஓட்டோவில் இருந்தோம்.

வார்டில் என்னைப் பார்த்த டொக்டர் ஒரு இளம் பெண். சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் துள்ள வேண்டும், துள்ளவில்லை. கணுக்காலில் தட்டினார், அதுவும் இல்லை. பிறகு முதுகுத் தண்டைச் சுற்றியிருக்கும் நீரை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். இறாலைப்போல் வளைந்து படுக்கச் சொல்லி இடுப்புக்கு மேலே ஊசி போட்டார்கள். கேட்கத்தான் பயமாக இருக்கும். உண்மையில் அசையாமல் படுத்திருப்பதுதான் கஷ்டம்.

வருத்தத்தின் பெயர் கில்லன் பாரே. டொக்டர் அதை விளங்கச் சொன்னார். மின்சாரக் கம்பிக்கு மேலே உறை இருப்பதுபோல நரம்புக்கும் ஓர் உறை உண்டு. வயிற்றோட்டக் கிருமியோடு சண்டை பிடிக்கப் புறப்பட்ட உடம்பின் சொந்தப் படை, ஆள் மாறி அந்த உறையைத் தாக்கத் தொடங்கிவிட்டது. காலில் தொடங்கி மேலே ஏறும். எங்கே நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல ஏலாது. நெஞ்சுக்கு ஏறினால் மூச்சு விடும் தசைகளும் சோர்ந்துவிடும். அப்போது இயந்திரத்தில் போட வேண்டிவரும். ஐந்து நாள் சேலைன்போல ஒரு மருந்து ஏற்றுவார்கள். பெரும்பாலானோர் எழும்பி நடப்பார்கள்.

"பெரும்பாலானோர் எண்டால் இவரும் அதுக்குள்ளயோ, டொக்டர்?" என்று ராணி கேட்டாள்.

"அப்பிடித்தான் எதிர்பார்க்கிறம் அம்மா. ஆனா நாள் எடுக்கும்."

அன்றிலிருந்து சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒரு சோதனை. நன்றாக மூச்சை இழுத்து, அந்த ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண வேண்டும். நெஞ்சில் பலம் எவ்வளவு மிச்சம் என்று அதில் தெரியும். முதல் நாள் முப்பது வரை எண்ணினேன். மறுநாள் காலை இருபத்திரண்டு. பின்னேரம் பதினெட்டு. மூன்றாம் நாள் பதினாலு. பத்தை நெருங்கினால் தீவிர சிகிச்சைக்கு மாற்றுவோம் என்று சொல்லிவிட்டு, அங்கே கட்டிலையும் ஆயத்தம் செய்யச் சொன்னார்கள். எனக்கு அப்போது கை விரலும் மடியவில்லை. அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. சாவைப் பற்றிக்கூட நினைக்கவில்லை. அடுத்த தடவை எந்த எண்ணில் நிற்பேன் என்பதுதான் நினைப்பாக இருந்தது.

ராணி முகத்துக்கு நேரே கதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினாள். போட்டியில் எதிராளி பந்து போடக் காத்திருக்கும்போது அவளுக்கு வரும் முகம் அது.

"இந்த வருத்தம்தான் எதிராளி, இப்ப அவன்ர சேர்விஸ். நீங்கள் ஒண்டும் பெரிசாச் செய்ய வேண்டாம். பந்தை உள்ள போட்டுக்கொண்டே இருங்கோ. பிழை அவன் விடட்டும்."

"பதின்மூன்று," என்று மூச்சு முடிந்து நின்றேன்.

"காணும். பதின்மூண்டு போதும்."

அடுத்தது மறுபடி பதின்மூன்று. அதற்கடுத்தது பதினாலு. நாலாம் நாள் பின்னேரம் பதினாறு வந்தபோது, பக்கத்துக் கட்டில் ஹனீபா நானா "அல்ஹம்துலில்லாஹ்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். அவர் கிண்ணியாவில் மீன் வியாபாரி, நீரிழிவால் காலில் புண்ணாகி வந்திருந்தார். என்னோடு சேர்ந்து அவரும் மூச்சைப் பிடித்து எண்ணிக்கொண்டு கிடந்திருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஆபத்து விலகியதும் பேச்சு வந்தது. மருந்து ஏறிக்கொண்டிருக்க ராணி என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். ஹனீபா நானாவுக்கு வீட்டிலிருந்து போத்தலில் கஞ்சி வரும். பாதியை எங்களுக்கு ஊற்றாமல் குடிக்க மாட்டார். ஒரு நாள் கஞ்சியோடு ஒரு சந்தேகத்தையும் கேட்டார்.

"தங்கச்சி, கேக்கிறன் எண்டு கோவிக்கப்படாது. உங்கட விளையாட்டில பந்து ரெண்டு தரம் நிலத்தில குத்தலாமாமே. அது ஒரு சலுகைதானே?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இந்தக் கேள்வியைக் கேட்ட ஒரு பத்திரிகைக்காரர் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் கஞ்சி ஊற்றியவர் என்றபடியால் ராணி பொறுமையாகச் சொன்னாள்.

"நானா, நீங்கள் ஓடுறது காலால, அடிக்கிறது கையால. எனக்கு ரெண்டுக்கும் ஒரே கைதான். மட்டையைப் பிடிச்ச கையாலயே சில்லையும் தள்ள வேணும். அதுக்குள்ள கதிரையைத் திருப்ப வேணும். ஒருக்கா நிப்பாட்டினால் திருப்பி உருட்டுறதுக்குள்ள பந்து போயிடும். அதனால நிப்பாட்டவே கூடாது. ஆட்டம் முடியும்வரை சுத்திக்கொண்டே இருக்கிறது. ரெண்டாவது துள்ளலைச் சலுகையெண்டு நினைச்சு நம்பி இருந்தவையை எல்லாம் நான் வெண்டனான்."

"அப்ப நீங்க ரெண்டாந்தரம் குத்த விடமாட்டீங்களோ?"

"ஏலுமெண்டால் முதல் துள்ளலிலேயே அடிப்பன்."

ஹனீபா நானா புண் காலை மறந்து கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து அந்த வார்டில் அவளுடைய கதைகள்தான். இருபத்திரண்டு வயதில் கண்டி வீதியில், கப்பல்துறைக்குக் கிட்ட, பஸ் புரண்டதில் முதுகுத் தண்டு போனது. கொழும்புப் பக்கம் ஒரு புனர்வாழ்வு நிலையத்தில்தான் முதன்முதல் மட்டையைப் பிடித்தாள். ஆடியவர்கள் முக்கால்வாசிப் பேர் காயம்பட்ட சிங்களப் படை வீரர்கள். இவள் ஒரு தமிழ்ப் பெட்டை, அவர்களின் மொழியில் எண்களை மட்டும் பழகிக்கொண்டு நடுவே போய் நின்றாள். முதல் போட்டியில் ஒரு கேம்கூட எடுக்கவில்லை. ஊருக்குத் திரும்பி, ஒரு பள்ளிக்கூடத்துச் சீமெந்துத் தரையில், சுவரோடு இரண்டு வருடம் விளையாடினாள். உள்ளங்கை வெடித்து, பிளாஸ்டர் சுற்றி, அது கிழிந்து, மேலே மறுபடி சுற்றி. மூன்றாம் வருடம் தன்னைத் தோற்கடித்தவளைத் தோற்கடித்தாள்.

நான் அவளை முதலில் கண்டதும் அந்தச் சுவரடியில்தான். பாராட்டு விழாவுக்கான கடிதத்தைக் கொடுக்கக் கச்சேரி என்னை அனுப்பியிருந்தது. ஒரு பந்து என் காலடிக்கு வந்தது. குனிந்து எடுத்து, மரியாதையாகக் கொண்டுபோய் நீட்டினேன். "கீழ போடுங்கோ," என்றாள். போட்டேன். மட்டையால் பந்தைச் சில்லோடு அழுத்திக் கதிரையை உருட்டினாள். பந்து சில்லோடு ஏறி மேலே வந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கடிதத்தைக் கொடுக்க மறந்து திரும்பிவந்துவிட்டேன். அடுத்த நாளும் போக ஒரு சாட்டுக் கிடைத்தது.

இவ்வளவையும் எழுதுகிறேனே, இந்த மனிதன் மனைவியை எவ்வளவு மதிக்கிறான் என்று வாசிப்பவர்கள் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மூன்றாம் கிழமை கைகளுக்குப் பலம் திரும்பத் தொடங்கியது. கால்கள் அப்படியே கிடந்தன. பயிற்சி கொடுக்கும் பிசியோக்காரர் வந்தார்; நாற்பது தாண்டிய, அதிகம் பேசாத மனிதர். கால் எப்போது வரும் என்று தெரியாது, சில மாதம் ஆகலாம், படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும் என்றார். இனிப் பகலில் சக்கர நாற்காலியில் இருந்து பழக வேண்டும்.

முதல் நாள் தலைசுற்று என்றேன். இரண்டாம் நாள் வயிற்றுக் குத்து என்றேன். மூன்றாம் நாள் அவர் நாற்காலியைக் கட்டிலோடு கொண்டுவந்து நிறுத்தினார். அன்று கப்பல்துறையிலிருந்து என் அக்கா வந்திருந்தா. ராணி ஈரத்துணியால் என் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாற்காலியைக் கண்டதும் அக்கா தலையில் கையை வைத்தா.

"ஐயோ, ஒரு வீட்டில ரெண்டு கதிரையோ!"

எனக்குள் ஏதோ அறுந்தது. "கொண்டு போங்கோ அதை!" என்று கத்தினேன். "நான் அதில ஏறமாட்டன். அதில இருந்தா என்ர சீவியம் முடிஞ்சுது!"

ராணி துணியை மடித்துக் கட்டில் கம்பியில் போட்டாள். "அக்கா, சோறு டிபன் பெட்டிக்குள்ள இருக்கு. குழைச்சுக் குடுங்கோ," என்றாள். கதிரையைத் திருப்பினாள். சாய்வுப் பாதையில் சில்லு இறங்கும் சத்தம் கேட்டது. அன்று பின்னேரம் அவள் வரவில்லை.

நான் வெட்கப்பட்டேன். நோயாளி ஏதோ வேதனையில் சொன்னது என்று ஹனீபா நானா ஆறுதல் சொன்னார். ஆனால் அது வேதனையில் வந்த வார்த்தை இல்லை என்று எனக்குத் தெரியும். பதினாறு வருடம் அவளைப் பார்த்துப் பெருமைப்பட்ட மனதின் அடியில், நல்ல காலம் இது எனக்கில்லை என்ற நினைப்பும் படுத்துக்கிடந்திருக்கிறது. ஒரு கதிரையைக் கண்டதும் அது எழும்பிக் கத்திவிட்டது. அவளுக்கும் அது விளங்கியிருக்கும். கால் வராவிட்டால் என்ன செய்வது என்று மூன்று கிழமை பயந்தவன், இப்போது அவள் வராவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன்.

மறுநாள் காலை பார்வையாளரை விடும் நேரத்துக்கு முன்பே வந்தாள். மடியில் ஒரு பலகை இருந்தது. ஒரு முழத்துக்கு மேல் நீளம், ஓரமெல்லாம் தேய்ந்து வழுவழுவென்று. வீட்டில் அலுமாரிக்குப் பின்னால் கிடந்தது. கட்டிலுக்கும் கதிரைக்கும் நடுவே பாலம்போல வைத்து வழுக்கி மாறுவதற்கு அவள் முதல் வருடங்களில் பாவித்தது.

"ராணி, நேற்று நான்..."

"பொறுங்கோ, நான் முதல்ல கதைக்கிறன்," என்றாள். "எனக்குக் கோவம்தான். இல்லையெண்டு பொய் சொல்லமாட்டன். வீட்டை போய் யோசிச்சனான். இருபத்திரண்டு வயசில நானும் என்ர அம்மாவைப் பாத்து இதைத்தான் கத்தினனான். கதிரையில இருந்தா சீவியம் முடிஞ்சுதெண்டு. ஆனா அப்ப நான் கதிரையில இருந்து சீவிக்கிற ஒரு ஆளைக்கூடக் கண்டதில்லை. நீங்கள் பதினாறு வருசம் கண்டனீங்கள். அதுதான் எனக்கு நோகுது."

நான் அழுதேன். மறைக்க முகத்தை மூடுவதற்குக் கையும் முழுதாக மேலே வரவில்லை.

"மன்னிச்சுக்கொள்ளும்," என்றேன்.

"அதைப் பிறகு பாப்பம். இப்ப ஏறுங்கோ."

பிசியோக்காரர் தூக்க வந்தார். அவள் தடுத்தாள். "விழுந்தா மட்டும் பிடியுங்கோ." அவளாலும் தூக்க ஏலாது, அந்தத் தோள் இனி ஒரு சாக்கு அரிசியைக்கூடத் தாங்காது. பலகையின் ஒரு முனையை எனக்குக் கீழே செருகி, மறுமுனையைக் கதிரையில் வைத்து, அதை மட்டும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"தலையை அங்கால கொண்டு போங்கோ. இடுப்பு இஞ்சால வரும். எல்லாரும் போற பக்கம்தான் பாப்பினம். பாக்கக் கூடாது. எதிர்ப்பக்கம் குனியுங்கோ."

முதல் தடவை அரைவாசியில் நின்று மூச்சு வாங்கினேன். திரும்பக் கட்டிலுக்கே வழுக்கிவந்தேன். இரண்டாவது தடவை கை நடுங்கிச் சரிந்தேன். பிசியோக்காரர் தோளில் பிடித்தார். கால் வராத ஒரு மனிதனின் உடம்பு எவ்வளவு பாரம் என்று அன்றுதான் கண்டேன். இந்தப் பாரத்தைத்தான் அவள் இருபத்தாறு வருடமாக, கட்டிலுக்கும் கதிரைக்கும், கதிரைக்கும் ஓட்டோவுக்கும், ஒரு நாளைக்கு இருபது தடவை ஒரு சத்தமும் இல்லாமல் மாற்றிக்கொண்டிருக்கிறாள். அதற்கு மேலேதான் டென்னிஸ். நான் அவள் வென்ற கோப்பைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். இதைப் பார்க்கவே இல்லை.

மூன்றாவது தடவை தலையைக் குனிந்தேன். இடுப்பு தானாக வந்து கதிரையில் இறங்கியது. ஹனீபா நானா கையைத் தட்டினார். ராணி பலகையை இழுத்தெடுத்தாள், என் பாதங்களைத் தூக்கி மிதிபலகையில் வைத்தாள். "தண்ணி எடுத்துக்கொண்டு வாறன்," என்று வெளியே போய்விட்டாள். இன்னும் கோபம் ஆறவில்லை என்று நினைத்தேன். சில்லை நானே தள்ளிக்கொண்டு யன்னலடிக்குப் போனேன். வெளியே, ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று சாப்பாட்டுப் பார்சல் கடதாசியைத் தின்றுகொண்டிருந்தது. மூன்று கிழமைக்குப் பிறகு கூரையைத் தவிர வேறொன்றைக் கண்டேன்.

பிறகு வீட்டுக்கு வந்தேன். எங்கள் வீட்டில் இரண்டு கதிரைகள் உருண்டன. குசினி வாசலில் முட்டிக்கொண்டன. வழிவிடும் பழக்கம் அவளுக்கு இல்லை. கிழமைக்கு மூன்று நாள் பயிற்சிக்குப் போனேன். முதலில் பெருவிரல் அசைந்தது. பிறகு முழங்கால். நாலாம் மாதம் ஒரு காலை, இரண்டு கம்பிகளுக்கு நடுவே பிசியோக்காரர் என்னை நிறுத்திவிட்டுக் கையை எடுத்தார். நின்றேன். ஒரு அடி வைத்தேன். ஆறு அடி நடந்து மறு முனைக்குப் போனேன்.

பயிற்சி அறை முழுக்கக் கைதட்டல். அக்கா பிள்ளையாரையும் அம்மாளையும் மாறி மாறிக் கூப்பிட்டு அழுதா. கிளினிக்குக்கு வந்திருந்த ஹனீபா நானா ஊன்றுகோலோடு உள்ளே வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். ராணி மட்டும் சுவரோரம் மடியில் கையைக் கோத்தபடி இருந்தாள். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு, அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போகும் ஓட்டோவில் எனக்கு மனம் கேட்கவில்லை.

"ராணி, எல்லாரும் அழுதினம். உமக்குச் சந்தோசம் இல்லையோ?"

"இல்லாமல்? நல்ல சந்தோசம்," என்றாள். கடற்கரை வீதியைப் பார்த்தாள்.

"நடந்தது நரம்பு," என்றாள் பிறகு. "அது மருந்தால வந்தது, நாள் போக வந்தது. அது வராட்டியும் நான் உங்களோட இருந்திருப்பன். கதிரையில ஏறினது நீங்கள். தண்ணி எடுக்கப் போறனெண்டு அண்டைக்கு வெளிய போனது, அதுக்கு அழத்தான்."

பதினாறு வருடத்தில் அவள் அழுது நான் கண்டதில்லை. அன்றும் காணவிடவில்லை.